ரவுட்டரில் யாருக்கு முதல் வழி?

நெட்வொர்க் துறையில் யாரும் எதிர்த்துப் பேசாத விதி ஒன்று உண்டு. ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாக்கெட்டுகளுக்கு எப்போதும் முதல் வழி. பயனர்களின் பாக்கெட்டுகள் அதற்குப் பிறகுதான். பயிற்சி வகுப்பில் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த விதியை வைத்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நெட்வொர்க்குகள் ஓடியிருக்கின்றன, சில சமயம் விழுந்தும் இருக்கின்றன. விழுந்த கதைகளை எடுத்துப் பார்த்தால் விதியை எடைபோட முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வழி கொடுப்பது சரி. அதன் பக்கத்தில் நிற்கும் ‘எப்போதும்’ என்ற சொல்தான் தவறு.

ஒரு ரவுட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வந்த பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று அட்டவணையைப் பார்த்துத் தள்ளிவிடுவது ஒன்று. அதை டேட்டா பிளேன் என்கிறோம். அதற்கென்று செய்த சிப் நொடிக்குக் கோடிக்கணக்கான பாக்கெட்டுகளைத் தள்ளும். அந்த அட்டவணையையே எழுதுவது இன்னொன்று. அண்டை ரவுட்டர்களிடம் பேசி, எந்த ஊருக்கு எந்த வழி என்று கணக்கிடும் அந்த வேலைக்குக் கன்ட்ரோல் பிளேன் என்று பெயர். அதைச் செய்வது சாதாரண சிபியு. சிப்புக்கு முன்னால் இந்த சிபியு நோஞ்சான். சிப் கடத்துவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அதன் பக்கம் திரும்பினாலே திணறிப்போகும். இந்த ஏற்றத்தாழ்வுதான் பிரச்சினையின் வேர்.

விதியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது வலுவானது.

ஓஎஸ்பிஎஃப் என்ற வழிகாட்டு நெறிமுறையில் ஒரு ரவுட்டர் வழக்கமாகப் 10 நொடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ அனுப்பும். 40 நொடிக்கு ஹலோ வராவிட்டால், அண்டை ரவுட்டர் இறந்துவிட்டது என்று எதிர்ப்பக்கம் முடிவு கட்டும். தனித்தனி நெட்வொர்க்குகளின் ரவுட்டர்கள் ‘உறவு’ வைத்துக்கொண்டு வழிகளைப் பரிமாறும் பிஜிபியில் இந்தக் காத்திருப்புக்கு நெறிமுறை ஆவணம் பரிந்துரைக்கும் அளவு 90 நொடி. இணைப்பு அறுந்ததை உடனே கண்டுபிடிக்க வந்த பிஎஃப்டியை 50 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், மூன்று தவறினால் சாவு என்று பலர் அமைக்கிறார்கள். அதாவது 150 மில்லிநொடிதான் ஆயுள். இணைப்பில் நெரிசல் ஏறி இந்தச் சின்னப் பாக்கெட்டுகள் வரிசையில் நின்று விழுந்துவிட்டால் என்ன ஆகும்? இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரவுட்டர் அது இறந்ததாக அறிவிக்கும். போக்குவரத்து முழுவதும் பக்கத்து இணைப்புக்குத் திரும்பும். அங்கே நெரிசல், அங்கேயும் ஹலோ விழும், அதுவும் இறந்ததாக அறிவிப்பு. இதற்குள் முதல் இணைப்பு காலியாகி ஹலோ போக ஆரம்பிக்கும். கூட்டம் மறுபடி அங்கே பாயும். நெரிசல் என்ற சாதாரணக் காய்ச்சல் வலிப்பாக மாறுவது இப்படித்தான்.

சுவிட்சுகளின் உலகில் இது இன்னும் கொடியது. 1985-இல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை, வளையம் உண்டாகாதபடி சில போர்ட்டுகளை அடைத்து வைக்கிறது. 2 நொடிக்கு ஒருமுறை வரும் பிபிடியு பாக்கெட்தான் அடைப்பைத் தாங்கி நிற்கும் ஆணி. சிபியு திணறி அந்தப் பாக்கெட் சிலகாலம் வராமல் போனால், மறுபக்கம் யாருமில்லை என்று நினைத்து சுவிட்ச் அடைத்த போர்ட்டைத் திறந்துவிடும். வளையம் உருவாகும். அதில் சுழலும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் எல்லாச் சுவிட்சுகளின் சிபியுவையும் இன்னும் திணறடிக்கும். மற்ற பிபிடியுக்களும் விழும். யாராவது ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கும்வரை இது தானாக அடங்காது.

2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் புழு பரவியபோது உலகம் இதைப் பெரிய அளவில் பார்த்தது. 404 பைட் பாக்கெட் ஒன்றே ஒன்று. தொற்றிய கணினிகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டித்தது. தாக்கப்படக்கூடிய கணினிகளில் 90 விழுக்காடு பத்து நிமிடத்தில் வீழ்ந்தன. ரவுட்டர்களைத் தாக்கும் எண்ணம் அந்தப் புழுவுக்கு இல்லவே இல்லை. ஆனால் இணைப்புகள் நிரம்பின, பிஜிபி உறவுகள் அறுந்தன, அறுந்த செய்தியைச் சொல்லும் பாக்கெட்டுகள் பெருகின. 2007-இல் யிங் ஜாங், மோர்லி மாவ், ஜியா வாங் ஆகிய மூவரும் இன்னும் நுட்பமான ஆபத்தைக் காட்டினார்கள். டிசிபி எப்போது மறுபடி அனுப்பும் என்ற கணக்கை அறிந்து, அந்தந்த நேரத்தில் மட்டும் சிறிய வெடிப்புகளாகப் பாக்கெட்டுகளை ஏவினால், சராசரி வேகம் குறைவாக இருக்கும்போதே தொலைவிலிருந்து ஒரு பிஜிபி உறவை அறுத்துவிடலாம். வழிகாட்டும் பாக்கெட்டுகளைத் தனி வரிசையில் போட்டுக் காப்பதே அதற்கு மருந்து என்றார்கள். இந்தச் சான்றுகளுக்குப் பிறகும் ‘எல்லாப் பாக்கெட்டும் சமம்’ என்று ஒருவர் வாதிட்டால் அதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் கதையின் மறுபாதி இதைவிடப் பழையது, இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது.

1980 அக்டோபர் 27. இணையத்தின் தாய் நெட்வொர்க்கான ஆர்ப்பாநெட் பல மணி நேரம் பயன்படாமல் கிடந்தது. எந்த இணைப்பும் அறுபடவில்லை, யாரும் தாக்கவில்லை. எரிக் ரோசன் அடுத்த ஆண்டு எழுதிய ஆர்எஃப்சி 789 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் நெறிமுறை ஆவண வரிசை) அந்த விபத்தைப் படிப்படியாக விளக்குகிறது. நெட்வொர்க் படிக்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய ஆவணம் அது. பல பாடத்திட்டங்களில் அதைப் பார்க்க முடியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அன்றைய ரவுட்டர்களுக்கு ஐஎம்பி என்று பெயர். ஒவ்வொன்றும் தன் இணைப்புகளின் நிலையைச் சொல்லும் அறிவிப்பை வெளியிடும். அதில் ஆறு பிட் வரிசை எண் இருக்கும். பழைய அறிவிப்பைத் தள்ளிவிட்டு புதியதை மட்டும் ஏற்று, அண்டையில் இருப்பவர்களுக்கெல்லாம் பரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு பிட் என்பதால் எண் 63-ஐத் தாண்டினால் மறுபடி 0. எனவே எது புதியது என்பதைக் கடிகார முள்ளைப் போலச் சுற்றிவந்து கணக்கிட வேண்டும். அன்று, வன்பொருள் கோளாறில் நினைவகத்திலிருந்து பிட்டுகள் உதிர்ந்தன. 50-ஆம் ஐஎம்பியின் அறிவிப்பு 44, 40, 8 என்ற மூன்று எண்களோடு ஒரே நேரத்தில் நெட்வொர்க்கில் உலவ ஆரம்பித்தது. 44-ஐ இரண்டடிமானத்தில் எழுதினால் 101100. ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொன்று உதிர்ந்தால் 001000, அதாவது 8. சுற்றுக் கணக்கின்படி 40-ஐவிட 44 புதியது. 8-ஐவிட 40 புதியது. 44-ஐவிட 8 புதியது! மூன்றும் ஒன்றையொன்று மாற்றி மாற்றித் துரத்தின. ஒவ்வொரு ஐஎம்பியும் வந்த அறிவிப்பைப் ‘புதியது’ என்று ஏற்றுப் பரப்பியது. முடிவே இல்லை.

இவ்வளவும் ஒரு கோளாறு மட்டுமே. அதைப் பேரிடராக மாற்றியது முன்னுரிமை. அறிவிப்புகளைக் கையாளும் வேலைக்கு மற்ற வேலைகளைவிட உயர்ந்த முன்னுரிமை கொடுத்திருந்தார்கள். அதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. ஐஎம்பிக்களின் நேரம் அந்த மூன்று அறிவிப்புகளைப் பரப்புவதிலேயே கரைந்தது. கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகள் நெட்வொர்க்கைக் காக்கும் வேலி என்றால், அன்று வேலியே பயிரை மேய்ந்தது. 50-ஆம் ஐஎம்பியின் அறிவிப்புகளைப் புறக்கணிக்கச் சொல்லும் திருத்தத்தை ஏற்றித்தான் மீள முடிந்தது.

பழங்கதை, அந்தக் காலத்து இயந்திரம் என்று தள்ளிவிட முடியாது. 38 ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பர் 27 அன்று, அமெரிக்காவின் சென்சுரிலிங்க் நிறுவனத்தின் டென்வர் முனையத்தில் ஓர் ஒளியிழைச் சுவிட்ச் அட்டை நான்கு பழுதான நிர்வாகப் பாக்கெட்டுகளைத் தானாக உருவாக்கியது. அவற்றின் முகவரி ‘எல்லோருக்கும்’. காலாவதி நேரம் கிடையாது. தலைப்பும் சரிபார்ப்பு எண்ணும் ஒழுங்காக இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் அவற்றை எல்லா அண்டைக் கருவிக்கும் நகலெடுத்து அனுப்பியது. நிர்வாகத்துக்கென்று ஒதுக்கிய தனி வழியே அடைபட்டது. பழுதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் கருவிகளுக்குள் நுழையவும் முடியவில்லை. 37 மணி நேரம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விசாரணை அறிக்கையின்படி 39 மாநிலங்களில் 2 கோடியே 20 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். அவசர உதவிக்கான 911 அழைப்புகளில் குறைந்தது 886 போய்ச் சேரவில்லை. தனி வழி கொடுத்தார்கள். அதில் எவ்வளவு போகலாம் என்று சொல்லவில்லை.

ஆகவே ‘முன்னுரிமை வேண்டுமா வேண்டாமா’ என்று கேட்பதில் பயனில்லை. எந்த இடத்தில், யாருக்கு, எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். பலரும் குழப்பிக்கொள்வது ‘எந்த இடத்தில்’ என்பதைத்தான். ரவுட்டரில் முன்னுரிமை இரண்டு வாசல்களில் வருகிறது: வெளியே போகும் இணைப்பின் வரிசையில் ஒன்று, உள்ளே சிபியுவுக்குச் செல்லும் பாதையில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது தவறு.

வெளி வாசலுக்கு மரபு உண்டு. 1981-இல் வந்த ஐபி நெறிமுறை ஆவணமே எட்டு முன்னுரிமைப் படிகளை வைத்து, மேலிரண்டையும் நெட்வொர்க் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கியது. 1998-இல் பாக்கெட்டுகளை வகுப்புகளாகப் பிரிக்கும் டிஃப்சர்வ் வந்தபோதும் அந்த ஒதுக்கீடு தொடர்ந்தது. 2006-இன் ஆர்எஃப்சி 4594, வழிகாட்டும் பாக்கெட்டுகளுக்கு சிஎஸ்6 என்ற அடையாளத்தைப் பரிந்துரைத்தது; எண்ணில் 48. இந்த ஆவணத்தில் ஒரு விவரம் என்னைக் கவர்ந்தது. ‘இந்த வரிசை காலியாகும்வரை வேறெதையும் தொடாதே’ என்கிற கண்டிப்பான முன்னுரிமையை அது தொலைபேசிக் குரலுக்குத்தான் தருகிறது. கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகளுக்கோ குறைந்தபட்ச வேகத்தை உறுதிசெய்யும் பங்கு வரிசை போதும் என்கிறது. ஆனாலும் இன்று பல நெட்வொர்க்குகளில் சிஎஸ்6 கண்டிப்பான வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ‘கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகள் மிகக் கொஞ்சம், எங்கே வைத்தால் என்ன’ என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். சாதாரண நாளில் அது உண்மை. ஆனால் பிஜிபி டிசிபிமேல் ஓடுவது. உறவு அறுந்து மீண்டும் சேரும்போது முழு அட்டவணையையும் கொட்டும். இன்றைய இணையத்தின் ஐபிவி4 அட்டவணையில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் உள்ளன. கிளை அலுவலகத்துச் சின்ன இணைப்பில் அது கண்டிப்பான வரிசையில் பாய்ந்தால் மற்ற எல்லாம் நிற்கும். வெளி வாசலில் உறுதியான பங்கு போதும். கண்டிப்பான முதலிடம் தேவையில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 48 என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் தன் பாக்கெட்டில் எழுதிக்கொள்ளலாம். சைரன் வைத்த வண்டியெல்லாம் ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. வாடிக்கையாளர் பக்கமிருந்து வரும் அடையாளத்தை எல்லை ரவுட்டர் அழித்து எழுதாவிட்டால், நாம் கட்டிய முன்னுரிமை தாக்குபவருக்குப் போட்ட ராஜபாட்டை.

உள் வாசல் கடினமானது. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6192 நல்ல அடித்தளம்: தெரிந்த அண்டையிடமிருந்து வரும் நெறிமுறைப் பாக்கெட்டுகளை அனுமதி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேக வரம்பு வை, மீதியைத் தள்ளிவிடு. இங்கே ‘கட்டுப்பாட்டுப் பாக்கெட்’ என்ற ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போடுவதுதான் நான் காணும் பெரிய குறை. ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைத் தேடும் ஏஆர்பி கேள்விகளும் சிபியுவுக்குத்தான் போகும். டிடிஎல் (ரவுட்டருக்கு ஒன்றாகக் குறையும் ஆயுள் எண்) தீர்ந்த பாக்கெட்டுகளும் பிங்கும் பெரும்பாலும் அங்கேதான். ஒரே மதகு வழியாக எல்லாம் வந்தால் ஏஆர்பி வெள்ளத்தில் பிஜிபி கடைமடை வயல் ஆகிவிடும். வகைக்கொரு மதகு வேண்டும்.

வரம்புகளை எதிர்ப்பவர்களிடமும் உண்மை இருக்கிறது. அமைதியான நாளில் அளந்து பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூட்டி வரம்பை வைக்கிறார்கள். ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும் நாளில் எல்லா அண்டைகளும் ஒரே நேரத்தில் அட்டவணையைக் கொட்டும். வரம்பு நல்ல பாக்கெட்டுகளையே வெட்டும். உறவுகள் எழுந்து எழுந்து விழும். மிகவும் தேவைப்படும் நாளிலேயே பாதுகாப்பு எதிரியாகிறது. இந்த வாதத்தை லேசாக ஒதுக்கக் கூடாது. ஆனால் இதற்கு விடை வரம்பை எடுத்துவிடுவது அல்ல, வரம்பைப் புத்திசாலியாக்குவது. சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆரில் உள்ள எல்பிடிஎஸ் ஏற்பாடு இதில் ஒரு நல்ல முன்மாதிரி. ஏற்கெனவே நிலைத்த பிஜிபி உறவுக்குத் தாராளமான வரம்பு. அமைப்பில் பெயர் உள்ள, இன்னும் பேச ஆரம்பிக்காத அண்டைக்கு நடுத்தரம். முன்பின் தெரியாதவருக்குச் சொட்டுச்சொட்டாக. அண்டை என்று சொல்லிக்கொண்டு தொலைவிலிருந்து வருபவரைக் கண்டுபிடிக்க ஆர்எஃப்சி 5082 தரும் உத்தியும் அழகு. உண்மையான அண்டை டிடிஎல்லை 255 என்று வைத்து அனுப்புவார். இடையில் ஒரு ரவுட்டரைத் தாண்டினாலும் எண் குறைந்துவிடும், 255-ஐப் போலியாகக் கொண்டுவர முடியாது. காசு செலவில்லாத காவல் இது. இன்னும் பலர் இதைப் போடாமல் இருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

வகை பிரித்தால் போதாது. ஒரே நெறிமுறைக்குள்ளும் தரம் பிரிக்க வேண்டும் என்கிறது 2005-இன் ஆர்எஃப்சி 4222. ஓஎஸ்பிஎஃப்பில் ஹலோவும், அறிவிப்பு கிடைத்தது என்ற ஒப்புகையும் முதலில் கையாளப்பட வேண்டும்; அறிவிப்புகள் காத்திருக்கலாம். ஒரு வழி மாறிய செய்தி இரண்டு நொடி தாமதமாக வந்தால் கொஞ்சம் பாக்கெட்டுகள் வீணாகும். ஹலோ வராவிட்டால் உறவே அறுந்து ஆயிரம் புதிய அறிவிப்புகள் பிறக்கும். சுருங்கச் சொன்னால் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற செய்திக்கு மட்டும்தான் உண்மையான அவசரம். ஆர்ப்பாநெட்டில் தலைகீழாக நடந்தது. அறிவிப்புகள் மற்றதையெல்லாம் மிதித்தன.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் முன்னுரிமையால் தீராத நோய் ஒன்று மிஞ்சுகிறது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில், ஏழு கட்ட மேம்பாட்டுப் பணியின் ஆறாவது கட்டத்தில், ஒரு ரவுட்டரிலிருந்த வடிகட்டி நீக்கப்பட்டது. வழித்தகவல்களின் வெள்ளம் மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்து அவை சரிந்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் தொடர்பிழந்தார்கள். அந்த வெள்ளம் அந்நியரிடமிருந்து வரவில்லை. நம்பிய அண்டையிடமிருந்து, சரியான அடையாளத்தோடு, முறையான நெறிமுறையில் வந்தது. முன்னுரிமை அதை வாசலில் நிறுத்தாது. இன்னும் வேகமாக உள்ளே விடும். ‘இந்த அண்டையிடமிருந்து இத்தனை வழிகளுக்கு மேல் ஏற்காதே’ என்ற உச்சவரம்புதான் அங்கே காப்பாற்றியிருக்கும். நிர்வாக நெட்வொர்க்கும் அதே மையத்தை நம்பியிருந்ததால், சரிசெய்ய வேண்டியவர்களே வெளியே நின்றார்கள். நிர்வாகத்துக்கான வழி, சரியும் நெட்வொர்க்கில் முன்னுரிமை வாங்கி ஓடக் கூடாது. அதற்கு வேறு நெட்வொர்க் வேண்டும்.

2020 ஆகஸ்ட் 30 அன்று சென்சுரிலிங்க்கில் நடந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். பிஜிபி வழியாகப் பரப்பப்பட்ட ஒரு ஃப்ளோஸ்பெக் வடிகட்டி விதி பிஜிபியையே தடுத்தது. உறவு அறுந்ததும் விதி மறைந்தது. உறவு மீண்டதும் விதி மீண்டும் வந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. உலக இணையப் போக்குவரத்தே 3.5 விழுக்காடு சரிந்ததாக கிளவுட்ஃப்ளேர் கணக்கிட்டது. ரவுட்டரின் சொந்த உரையாடலைக் காக்கும் விதி, தொலைவிலிருந்து தள்ளப்படும் எந்த விதிக்கும் கட்டுப்படாத உயரத்தில் இருக்க வேண்டும்.

தீர்ப்பு இதுதான். வெளி வாசலில் கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகளுக்கு உறுதியான பங்கு கொடுங்கள்; கண்டிப்பான முதலிடத்தைக் கொடுக்காதீர்கள். உள் வாசலில் உயிர்ச்செய்திக்கு முதலிடம். மற்ற ஒவ்வொரு வகைக்கும் தனி வரம்பு. அந்த வரம்பு அமைதியான நாளை வைத்து அல்ல, மறுதொடக்க நாளை வைத்து அளக்கப்பட வேண்டும். நான்கைந்து சுவிட்சுகள் உள்ள சின்ன அலுவலகம் நடத்துபவர்கள் இதில் கைவைக்க வேண்டாம்; கருவியோடு வரும் இயல்பு அமைப்பே போதுமானது, தெரியாமல் தொட்டால் கெடும். ஆனால் மற்றவர்களின் போக்குவரத்தைச் சுமக்கும் நெட்வொர்க்கில் உச்சவரம்பில்லாத முன்னுரிமையை வைத்திருப்பது கவனக்குறைவு என்றே நான் சொல்வேன்.

ரவுட்டர்களை நிர்வகிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பராமரிப்பு இரவில் ஒரு மைய ரவுட்டரை மறுதொடக்கம் செய்துவிட்டு, சிபியு பாதையில் ஒவ்வொரு வகையிலும் எத்தனை பாக்கெட்டுகள் விழுந்தன என்ற எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். பிஜிபிக்கு நேராகப் பூஜ்யம் இல்லையென்றால் உங்கள் வரம்பு தவறு. ஏதாவது ஒரு வகைக்கு நேராக வரம்பே எழுதப்படவில்லையென்றால், காலைக்குள் அதை எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.